கூரையைத் தொடாத சுவர்

விஜிதா இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. பதுளையில் நான் பிழை பார்க்கும் அச்சகத்துக்கு அன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு மரண அறிவித்தல் வந்திருந்தது. திருமண அழைப்பிதழோ கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரமோ, எது வந்தாலும் முதலில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் பொருளைப் படிப்பேன். அப்படிப் பழகிவிட்டது. அன்றும் ஓரிடத்தில் விடுபட்ட எழுத்தைச் சேர்த்தேன். தோட்டத்தின் பெயரைச் சரிபார்த்தேன். அதற்குள் படம் இறங்கி முடிந்தது. சிவப்புச் சுடிதாரில், கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடி, சிரிப்பதற்கு முந்திய முகத்தோடு விஜிதா நின்றாள். அந்தப் படத்தை எடுத்தது நான்.

டெங்குக் காய்ச்சல். மூன்று நாட்கள் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். அச்சகத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம். அந்த மூன்று நாட்களும் நான் வேலைக்கு வந்து, மதியம் சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டு, மாலையில் வீட்டுக்குப் போயிருக்கிறேன். "ஒன் நம்பரு அவ போனுக்குள்ள இருக்குன்னு தெரியும்மா. அத எப்பிடி வெளிய எடுக்குறதுன்னுதான் எனக்குத் தெரியல" என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னார். மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். இறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் விஜிதா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஒரு புதிய பாட்டு. இரண்டு சரணங்கள் பாடிவிட்டு நிறுத்தி, "மூணாவது இன்னும் இழுக்குது. கேட்டுட்டு சொல்லு. டீச்சர் மாதிரி சொல்லாத, மனுசி மாதிரி சொல்லு" என்று முடித்திருந்தாள். அன்றே கேட்டேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டு சொல்லில் எழுதியிருக்கலாம். அவளுக்கு நல்ல பதிலாக எழுத வேண்டும் என்று தள்ளிப் போட்டேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர் அவளைச் சுற்றுலாப் பயணிகள் குவியும் எல்ல ஊரில் கேட்டிருப்பீர்கள். பலர் போனில் மட்டும் கேட்டிருப்பீர்கள். அவள் பாட்டு எங்கே உருவானது என்று தெரிந்தவர்கள் குறைவு. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவில், ஒரே நீளக் கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் பழைய லயம் அது. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, கூரையைத் தொடாமலே நின்றுவிடும். மேலே இருக்கும் இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுப் புகை வரும், குழம்பு வாசம் வரும், சண்டை வரும். அதே வழியாகத்தான் விஜிதாவின் பாட்டும் போனது. அவளுடைய அப்பா, கொழும்பில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தவர். அம்மா கொழுந்து பறிப்பவர். மகள் பிறந்ததும் பாடத் தொடங்கியதும் அந்த ஒரு காம்பராவில்தான்.

பத்தாம் வகுப்பில் முதன்முறையாக அங்கே போனேன். பதுளைப் பாடசாலையில் நாங்கள் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். கொழுந்துக்குப் போகும் பெண்கள் மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கைப் பற்றிய வரி. "மழையில நனஞ்ச படங்கு காயல, மழையில நனஞ்ச படங்கு காயல." சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியே விஜி, காயலன்னு நாலு தடவ சொல்லிட்ட. ஒண்ணு அத காய வையி, இல்லாட்டி அடுத்த வரிக்குப் போ."

"அத்த, ஒங்களுக்கு வெங்காயம் உரிக்கிற வேலயா, பாட்டு கேக்குற வேலயா?"

"ரெண்டுக்கும் கண்ணுலதான் தண்ணி வருது. எது எதுக்குன்னு எனக்கு எங்க தெரியுது."

அவர் பாக்கியம் அத்தை. பக்கத்துக் காம்பராக்காரர், விஜிதாவின் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். விஜிதா செய்த பாட்டுகள் எல்லாவற்றையும் முதலில் கேட்டது அவர்தான். பிடிக்காத வரி வந்தால் பாத்திரத்தைத் தொம்மென்று வைப்பார். பிடித்தால் ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் அடுப்படியில் அந்த வரியை முணுமுணுப்பார். அது கேட்ட பிறகுதான் விஜிதா அதைக் கொப்பியில் எழுதுவாள். "பாட்ட எழுதிட்டு பாடுறவங்க இருக்காங்க. நான் அத்த பாடுனதுக்கு அப்பறந்தான் எழுதுவேன்" என்பாள்.

கிட்டார் அதற்குப் பிறகு வந்தது. எல்லயில் ஒரு விடுதியில் துணி துவைக்கும் வேலை செய்த அவளுடைய மாமா கொண்டுவந்தார். யாரோ ஒரு பயணி வேண்டாம் என்று விட்டுப்போனது. தந்தி முறுக்கும் காதுகளில் ஒன்று உடைந்திருந்தது. மாமா கூடவே ஒரு குறடும் கொடுத்தார். கடைசிவரை அந்த ஒரு தந்தியைக் குறட்டால்தான் முறுக்கினாள். மேடையில் குறடும் கையுமாக நின்றால் கூட்டம் சிரிக்கும். "சிரிங்க. இது கொறடு இல்ல, எங்க மாமா" என்பாள்.

நான் அவளுக்குச் செய்த ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். உயர்தரம் படிக்கும்போது நகரத்தில் ஒரு பாட்டுப் போட்டி நடந்தது. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும் என்பது விதி. அவள் வரிகளை என்னிடம் காட்டினாள். நான் நிறையப் படிக்கிறவள் என்று பெயர் எடுத்திருந்தேன். பேனாவை எடுத்து, 'லயத்து வாசல்' என்றிருந்ததை 'இல்லத்து வாசல்' என்று மாற்றினேன். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களம், 'பணிக்களம்' ஆனது. படங்கை எடுத்துவிட்டு 'ஆடை' என்று போட்டேன். அப்போதுதான் எல்லோருக்கும் புரியும் என்றேன். அவள் அப்படியே பாடினாள். இரண்டாம் பரிசு கிடைத்தது.

அன்று மாலை லயத்தில் எல்லோருக்கும் அதைப் பாடிக் காட்டினாள். நானும் கூட இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "யாரு வீட்டப் பத்துன பாட்டு அது?"

அதன் பிறகு விஜிதா அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. பல மாதங்கள் கழித்து, எல்லயிலிருந்து ரயிலில் திரும்பும்போது, தெமோதரையைத் தாண்டியதும், சம்பந்தமில்லாதது போல ஒன்று கேட்டாள்.

"ஒங்கப்பா லயத்துல வளந்தவரா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அப்பா வேறொரு தோட்டத்தின் லயத்தில் பிறந்து, படித்து, நகரத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு வந்தவர். பாடசாலையில் நான் அதை யாருக்கும் சொன்னதில்லை. அவளுக்கும் சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒங்க வீடு கல்லு வீடு. சொவரு மேல வரைக்கும் இருக்கு. ஆனா அவரு வீட்டுக்குள்ள மெதுவாதான் பேசுறாரு. எங்க ஆளுங்கதான் அப்பிடிப் பேசுவாங்க, அடுத்த வீட்டுக்குக் கேக்குமேன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாத. நான் மெதுவாதான சொல்றேன்" என்று சிரித்தாள்.

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அவள் வந்து சாப்பிட்டது போட்டிக்கு முன்னால். அப்படியானால், நான் அந்தச் சொற்களை அடித்தபோது ஏன் அடிக்கிறேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அப்படியே பாடியிருக்கிறாள்.

எல்லயில் அவள் நான்கு ஆண்டுகள் பாடினாள். வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு கபேயில், வாரத்தில் மூன்று மாலைகள். அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிவிட்டு, கடைசியாகத் தன்னுடைய பாட்டு ஒன்று. அதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. அந்தப் பாட்டுக்கு மட்டும் சமையலறையிலிருந்து இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவருகே நிற்பார்கள். ஒருநாள் முதலாளி, தங்கை என்று சிங்களத்தில் அழைத்து, பாதிக் கெஞ்சலாகச் சொன்னார்: "நங்கி, கெஸ்ட்மார் அழுதுருவாங்க. கொஞ்சம் சந்தோசமா ஏதாச்சும் பாடுங்க."

"லீவுல வந்தவங்கதான, கொஞ்சம் அழட்டும் முதலாளி. நாங்க வேல நாள்லயே அழுறோம்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பாட்டு நின்றுவிடவில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அவள் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்து தருவதாக அழைத்தார். நானும் கூடப் போனேன். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறை. வெளிச் சத்தம் ஒரு துளி உள்ளே வராது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு நின்றாள். நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் நிறுத்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களைப் பார்த்து, "சொவத்துக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். அந்த மனிதர் நல்லவர், கோபப்படவில்லை. நாங்கள் ரயிலேறித் திரும்பினோம்.

மறுநாள் லயத்தில், கட்டிலில் உட்கார்ந்து, அரிசி டின்மேல் போனைச் சாய்த்துவைத்து, அதே பாட்டை ஒரே தடவையில் பாடிப் பதிவு செய்தாள். நடுவில் பாக்கியம் அத்தை இருமியதும் பதிவாகிவிட்டது. மறுபடி பாடச் சொன்னேன். "வேணாம், விடு. அத்த தாளத்துலதான் இருமியிருக்காங்க" என்றாள். அவள் இணையத்தில் போட்டு, உங்களில் பலர் போனில் கேட்ட பதிவு அதுதான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் எழுதினார்கள். அந்த இருமல் யாருடையது என்று ஒருவர் கேட்டிருந்தார். "என்னோட பாட்டு வாத்தியார்" என்று பதில் போட்டாள். அதை வாசித்துச் சொன்னபோது அத்தை, "நல்ல வாத்தியார் பிடிச்ச. கையெழுத்துக்கு வெரல உருட்டுறவ" என்றார். ஆனாலும் அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

கருமாதிக்கு நான் போயிருந்தேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு காம்பராவில் அவளுடைய அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். பிற்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. கிட்டார் ஆணியில் தொங்கியது. பக்கத்தில் குறடு. அம்மா, "கடைசியா ஒனக்கு என்னமோ அனுப்புனாளாமே. அத போடும்மா, கேக்குறேன்" என்றார்.

போட்டேன். அவள் குரல் அந்த அறைக்குள் வந்தது.

கதவ சாத்துனாலும் பனி வருது, அது
கூரை வழியா வந்து குந்திக்குது.
எங்க வீட்டுப் பனியும் ஒங்க வீட்டுப் பனியும்
முகட்டுல ஒண்ணா கலந்துக்குது.

இரண்டாம் சரணமும் முடிந்தது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "மூணாவது இன்னும் இழுக்குது" என்றாள். நான் போனை அணைத்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இழுக்கல. வந்திருச்சு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம் அத்தை. பிறகு அவர் பாடினார். நல்ல குரல் இல்லை, இடையிடையே உடைந்தது.

எங்க அடுப்பு பொகையலன்னா கேளுங்க, எங்க
அம்மா எந்திரிக்கலன்னா தட்டுங்க.
பட்டணம் போயிட்டேன்னு நெனைக்காதீங்க...

அங்கே நின்றுவிட்டார்.

அவள் சாவை முன்பே அறிந்திருந்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். கொழும்பில் ஒரு வருடம் தங்கிப் பாட யோசித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை யாரிடம் விட்டுப்போவது என்பதுதான் அவளுடைய கவலை. பாட்டு அதைப் பற்றியது. அவ்வளவுதான்.

"கடைசி வரி என்ன அத்த?" என்று கேட்டேன்.

"ரெண்டு விதமா பாடுவா. ஒரு நாளு, 'சொவத்துக்கு இந்தப் பக்கந்தான் இருக்கேங்க'ன்னு. இன்னொரு நாளு, 'சொவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கேங்க'ன்னு. எத வச்சிருப்பாளோ."

"எது நல்லாருக்குன்னு நீங்க சொல்லலயா?"

அந்தப் பக்கம் அத்தை மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு காலையிலயும் காய்ச்சலோட அதையேதான் பாடிக்கிட்டு இருந்தா. எத வைக்கட்டும் அத்தன்னு கேட்டா. நான், 'வாயப் பொத்திக்கிட்டு படுடி'ன்னு அதட்டிட்டேன்."

அவள் கேட்டது எங்கள் இருவரிடம். இருவருமே பதில் சொல்லவில்லை.

இப்போது தினமும் விடியற்காலையில், பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன், பாக்கியம் அத்தை சுவரில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். இந்தப் பக்கத்திலிருந்து அம்மா ஒரு தட்டுத் தட்டுகிறார். அதன் பிறகே அம்மா எழுந்து அடுப்பு மூட்டுகிறார். சில நாட்களில் அந்த ஒரு தட்டு வரத் தாமதமாகிறது என்று அத்தை சொன்னார். வரும்வரை அத்தை வாசலை விட்டு இறங்குவதில்லை.

கருமாதி அன்று அந்த மூன்றாம் சரணத்தை அத்தை சொல்லச் சொல்ல, அச்சகத்து நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. விஜிதாவில் எனக்கென்று மிஞ்சியது அந்தக் குரல் பதிவும் இந்தத் தாளும்தான். ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை. இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பாட்டைக் கொடுத்திருக்கிறோம். முடிவில் ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு வரிகள் அடுத்தடுத்து வரும். பிழை பார்க்கிறவள் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள்.