நான்கு ஊர்களும் ஒரு கையெழுத்தும்

தெற்குப் பிரான்சில் படித்தவன் என்று சொன்னால் போதும், மலாய் நாட்டில், எங்கள் ஈப்போவில் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்துவிடுவார். கடல், திராட்சைத் தோட்டம், அழகான பெண்கள் என்று அவர்களே மனத்துக்குள் ஒரு படத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். "மச்சான், நல்லா சுத்தியிருப்ப லா!" என்பார்கள். சுற்றினேன். நான்கு ஊர் சுற்றினேன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் நிலையத்து பெஞ்சுகள்தான். எந்த ஊர் பெஞ்சு முதுகில் எந்த இடத்தில் அழுத்தும் என்று இன்றைக்கும் சொல்வேன். இதைச் சொன்னால் கேட்கிறவர் முகம் வாடிவிடும், ஆகவே சொல்வதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மொன்பெலியே நகரத்தில் உபகாரச் சம்பளத்தில் ரப்பர் பாலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பால்மரம் சீவியவரின் மகன், பால்மரமே முளைக்காத நாட்டுக்குப் போய்ப் பாலைப் பற்றிப் படிக்கிறான் என்று எங்கள் தோட்டத்தில் கேலி பேசினார்கள். பேசட்டும். தோட்டம் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அம்மா நான் இடைநிலைப் பள்ளியில் இருக்கும்போதே போய்விட்டார். அப்பா மட்டும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நட்டு வைத்ததுபோல் எழுதுவார். பால்மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப் போகிறார்களாம். லயங்களை உடைக்கப் போகிறார்களாம். பழைய தொழிலாளிகளுக்கு ஈப்போ பக்கம் மலிவு விலை வீடு கொடுக்கிறார்கள், ஆனால் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான். அப்பாவிடம் இருந்தது சிவப்பு அட்டை.

எனக்கு நீல அட்டை, என்னைப் பெற்றவருக்குச் சிவப்பு. எங்கள் தோட்டத்தில் இது அதிசயமில்லை. அப்பா அதே தோட்டத்தில்தான் பிறந்தார். எனக்கு இருந்ததுபோல் அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, யாரும் பதியவில்லை. பத்திரம் இல்லாதவர் குடிமகன் இல்லை. எழுபதுகளில் வேலை பெர்மிட்டுக்காக வரிசையில் நின்று நின்று அவருக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. அவரோடு நின்றவர்களில் பாதிப்பேர் வெறுத்துப்போய், தாத்தா பாட்டி வந்த ஊருக்கே கப்பலேறிவிட்டார்கள். அப்பா போகவில்லை. எங்கே போவது? அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு முகமும் கிடையாது.

ஈப்போ அலுவலகத்தில் ஓர் அதிகாரி மட்டும் பொறுமையாகப் பேசியிருக்கிறார். உங்களைப் பிறந்ததிலிருந்து அறிந்த பழைய முதலாளி யாராவது எழுத்தில் கொடுத்தால் முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறார். எங்கள் தோட்டம் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அப்பா பிறப்பதற்கு முன்பே சின்ன துரையாக வந்து, பெரிய துரையாகி, ஓய்வு பெற்றுப் போனவர் ஒருவர் பிரான்சின் தெற்கே இருந்தார். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியிடம் அவருடைய பழைய அவிஞ்ஞோன் முகவரி ஒன்று இருந்தது. அப்பா அதை எழுதி அனுப்பி, கீழே இப்படி முடித்திருந்தார்: "என் பேரைச் சொன்னால் போதும். தொரைக்கு என்னை நல்லாத் தெரியும்."

அதற்கு ஒரு காரணம் உண்டு. துரை பங்களாவின் குளியலறையில் ஒருமுறை நாகம் புகுந்துவிட்டது. அப்பாதான் போய் அடித்தார். துரை அவர் தோளைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்டினார். இந்தக் கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்கக் கேட்கப் பாம்பு நீண்டுகொண்டே போனது.

விடுமுறை தொடங்கியதும் ரயிலேறினேன். அவிஞ்ஞோனில் இறங்கியதும் காற்று அறைந்தது. அந்தப் பக்கத்துக்கே உரிய வறட்டு ஊதல், கண்ணைத் திறக்க விடாது. பாதியில் நிற்கும் பாலம் ஒன்று அங்கே பிரசித்தம், பார்க்கவில்லை. முகவரி இருந்த வீட்டில் இப்போது ஒரு பல் மருத்துவர் இருந்தார். அவர் என்னை நோயாளி என்று நினைத்து உட்காரச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, இருவருமாக நெடுநேரம் யோசித்து, அந்தக் கிழவர் ஆர்ல் நகரத்துக்குப் போய்விட்டார், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே அறை எடுத்திருந்ததாக ஞாபகம் என்றார்கள்.

ஆர்லில் எத்தனை ரொட்டிக் கடை! ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். வட்டமான பழைய ரோமானிய அரங்கம் ஒன்றின் சுவர் நிழலில் உட்கார்ந்து, ரொட்டியும் டின் சார்டினும் தின்றேன். வெள்ளைக்காரர்கள் என்னைத் தாண்டிப் போய் அந்தச் சுவரைப் படம் எடுத்தார்கள். ஆறாவதோ ஏழாவதோ கடையில் இருந்த அம்மாள், அவர் மாடிப்படியில் விழுந்துவிட்டார், மகள் வந்து மார்சேய்க்குக் கூட்டிப்போய்விட்டாள் என்று சொல்லி, சூடாக ஒரு ரொட்டியையும் கையில் திணித்தாள். நன்றி சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

மார்சேய் ரயில் நிலையத்தின் படிக்கட்டு உலகத்திலேயே நீளமானது என்று யாராவது சொன்னால் நம்புவேன். இறங்கி, விசாரித்து, அந்த அடுக்குமாடியைக் கண்டுபிடித்தால், மகள் நீஸுக்குக் குடிபோய்விட்டாள் என்றான் காவலாளி. அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் பிறந்ததற்குச் சாட்சி தேடி மகனை நாய்போல் அலைய விடும் மனிதர் என்று மனத்துக்குள் திட்டினேன். திட்டியதும் அழுகை வந்தது. காவலாளி பயந்துபோய்த் தன் பெட்டியைக் கிளறிப் புது முகவரியைத் தேடிக் கொடுத்தான்.

நீஸில் தெருவோரமெல்லாம் ஆரஞ்சு மரம். காய்த்துக் குலுங்கியது, ஒருவரும் பறிக்கவில்லை. மூன்றாம் மாடியில் மகள் கதவைத் திறந்தாள். உள்ளே, ஜன்னலோரம், காலில் கம்பளி போர்த்தி, எண்பது தாண்டிய ஒரு கிழவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோட்டத்துத் தமிழில், பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் எண்ணும்போது கேட்கும் அதே குரலில், "வா. உக்காரு. எந்த டிவிசன்?" என்றார்.

பிரான்சுக்கு வந்தபின் யாரும் என்னிடம் தமிழ் பேசியதில்லை. பேசியவர் இவர், அதுவும் இந்தத் தமிழ். நான் உட்காராமல் விறைத்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது. பட்டப்படிப்புப் படிக்கிறவன், சட்டென்று பெரட்டில் நிற்கிறவன் ஆகிவிட்டேன்.

அப்பாவின் பெயரைச் சொன்னேன். துரை தலையை ஆட்டினார். "ஞாபகம் இல்லெ. அறுநூறு ஆளு."

"பங்களா பாத்ரூம்ல பாம்பு அடிச்சாரு, தொரை. நாகம்."

"பாம்பு நெறைய," என்றார். "எந்தப் பாம்பு?"

எந்தப் பாம்பு என்று நான் எப்படி விளக்குவது? மகள் சின்னக் கோப்பையில் கறுப்புக் காப்பி வைத்துவிட்டுப் போனாள். வந்த காரியத்தைச் சொன்னேன். துரை யோசிக்கக்கூட இல்லை. "நீ எழுது. நான் சைன் போடும். கிராணி எழுதும், நான் சைன் போடும். அதான் வேலை," என்றார். முப்பத்தைந்து வருஷம் தோட்டத்தை நடத்திய விதத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அவர் பெயர் அச்சிட்ட தாளை மகள் கொண்டுவந்தாள்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த மனிதர் இந்தத் தோட்டத்தில் பிறந்ததை நான் அறிவேன் என்று ஒரு வரி போதும். நான் அதோடு நிறுத்தவில்லை. அலைந்த அலுப்போ என்னவோ, பேனா தானாக ஓடியது. மழை தவிர வேறெதற்கும் பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை. வெள்ளத்தில் அடுத்த லயத்துப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவர். மரத்தின் எலும்பில் கத்தி படாமல் பட்டை சீவுவார், அவர் சீவிய மரத்தைப் புது ஆட்களுக்குக் காட்டிப் பாடம் சொல்லலாம். மனைவி போனபின் ஒரு பையனைத் தனி ஆளாக வளர்த்தவர் என்று கேள்விப்படுகிறேன். இப்படிப்பட்டவரை அறிந்தது எனக்குப் பெருமை. இதெல்லாம் உண்மை. துரைக்குத் தெரியாத உண்மை.

துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோடையிலேயே படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். அப்பா என்னைப் பார்த்ததைவிட அந்தத் தாளைத்தான் அதிகம் பார்த்தார். தமிழில் சொல்லச் சொன்னார். வரி வரியாகச் சொன்னேன். முடிந்ததும், "இன்னொரு வாட்டி சொல்லு தம்பி," என்றார். இரண்டாம் முறை கேட்டுவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, மரம் சீவுனதெல்லாம் ஞாபகம் வச்சிருக்காரு. வெள்ளம் வந்தது கூட."

மறுநாள் அவர் போனது அடையாள அட்டை அலுவலகத்துக்கு அல்ல, ஈப்போவில் கண்ணாடிச் சட்டம் போடும் சீனன் கடைக்கு. தங்க நிற ஓரம் வைத்துச் சட்டம் போட்டு, சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அலுவலகத்துக்குப் போகிற நாளில் அப்படியே சட்டத்தோடு கழற்றி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதிகாரி மலாயில் பக்குவமாகத்தான் சொன்னார். சட்டத்தைக் கழற்றித் தாளை மட்டும் கொடுங்கள், ஃபைலில் வைக்கவேண்டும், அசல்தான் வேண்டும், நகல் செல்லாது. அப்பா சட்டத்தைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தொரை எனக்குக் குடுத்தது. ஆபீசுக்கா குடுத்தாரு?" என்றார்.

நானும் மன்றாடிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். வீடு வேண்டாமா என்றேன். "எங்கயாச்சும் இருந்துக்கலாம் லா," என்றார். வாரம் ஒன்று, இரண்டு, மூன்று ஓடியது. தோட்டத்தின் மேல் டிவிசனில் மரங்கள் விழத் தொடங்கின. லயத்தில் பாதி வீடுகள் காலி. வீட்டுப் பட்டியல் மூடப்போகிறது என்று கிராணி ஆள் அனுப்பினார். உண்மையைச் சொன்னால் அப்பா தாளைக் கொடுத்துவிடுவார், எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் சிவப்பு அட்டையோடு தெருவில் நிற்பார். இரண்டில் எதையும் செய்ய எனக்குத் துணிவில்லாமல் நாட்களைக் கடத்தினேன்.

ஒரு மதியம், சோறு சாப்பிட்டு முடித்து அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அப்பா, அது தொரை எழுதுனதில்ல. நான் எழுதுனது. அவரு கையெழுத்து மட்டும்தான் போட்டாரு. அவருக்கு உங்கள ஞாபகம் இல்லப்பா."

அப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார். சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கேட்டார், "பாம்பு அடிச்சது கூடவா?"

"அதுகூடப்பா."

எழுந்துபோய்ச் சட்டத்தை இறக்கினார். குறட்டால் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தாளை எடுத்து மடிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"இத ஆபீசுல குடுத்துரு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அதுல இருக்கறதெல்லாம் நீ நெனச்சதா?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப எனக்கு இன்னொன்னு எழுதிக் குடு தம்பி. தமிழ்ல எழுது, நானே படிச்சுக்குவேன். ஒன் கையெழுத்தப் போடு."

எழுதுகிறேன் என்றேன். தாளை அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் தந்த ரசீதைக் காட்டி வீட்டுப் பட்டியலில் அப்பாவின் பெயரைச் சேர்த்தேன். மறு ஆண்டு நீல அட்டை வந்தது, வீடும் கிடைத்தது. வெறும் சட்டத்தை அப்பா புது வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். நான் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளைகள் பிறந்தார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து வைத்து, "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வரி வராது. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் அவர் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அந்தச் சட்டம் காலியாகத்தான் இருந்தது.