பாய்மரத்தில் ஏறிய ஆன்ட்டி

இன்று காலை போர்ட் கிள்ளான் படகுத்துறையில் ஒரு பேட்டரி டெலிவரி. வாங்கியவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆன்ட்டி. பாய்மரப் படகில் தனியாகவே கடலுக்குப் போகிறவர்.

பாய்மரத்தின் உச்சி விளக்கு எரியவில்லையாம். நாலு மாடி உயரம். ஏறத் தயாராக நின்றார்.

“நான் கயித்த பிடிச்சிக்கிறேன் லா ஆன்ட்டி.”

“வேணாம் தம்பி. நடுக்கடல்ல நீ இருக்க மாட்ட. தனியா ஏறித்தான் பழகணும்.”

மேலிருந்து இரண்டு தனிக் கயிறுகள் தொங்கின. ஒவ்வொன்றையும், மேலே மட்டும் நகரும் ஓர் இரும்புப் பிடி கவ்வியிருந்தது. இரண்டும் அவருடைய இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்தன. ஒரு பிடியை மேலே நகர்த்தும்போது மற்றது அவரைத் தாங்கும். முதலில் ஓரடி உயரத்தில் தொங்கி, உடம்பை உலுக்கிப் பார்த்தார். ஸ்பேனரைக்கூட மணிக்கட்டில் கட்டியிருந்தார்.

அவர் உச்சியில் இருந்தபோது ஒரு ஸ்பீட் போட் சீறிக்கொண்டு போனது. அலை வந்து மோதியதில் எனக்குக் கீழே படகு லேசாகத்தான் அசைந்தது. மேலே அவர் ஊஞ்சல் போல ஆடினார். மரத்தைக் கட்டிக்கொண்டு, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பல்பை மாற்றினார்.

கீழே நான்தான் படகின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இறங்கியதும் கேட்டேன். “பயமா இல்லியா ஆன்ட்டி?”

“பயம்தான். அதனாலதான் ரெண்டு கயிறு.”

போன தீபாவளிக்கு ஃபேன் துடைக்க நான் ஏறிய விதம்: மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் நான். நாற்காலியை ஒரு கையால் பிடித்திருந்த என் மனைவி, மறு கையால் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் நாற்காலியை யார் பிடிக்கிறார்கள்?