கம்பளியில் சுற்றிய ஐஸ்கட்டியும் எங்கள் அண்ணனும்

"இன்னா பாப்பா, கேக்கற எனக்கே கண்ணு சொருவுது. இத்த கிளாஸ்ல சொன்னா எவனுக்குப் புரியும்?"

அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டபோது, டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்புக்கு நடத்த வேண்டிய 'வெப்பம்' பாடத்தின் குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முதுகலையும் பி.எட்.டும் முடித்தவள் நான். கோபம் வந்தது.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். மூன்று நாளாக எழுதுவதும் அடிப்பதுமாக அலுத்துவிட்டது. நல்லவர், உழைப்பாளி என்று யாருக்கும் எழுதலாம். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் கீழ்க்கட்டளையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா இறந்ததும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிடைத்த வேலைகளைச் செய்து, பிறகு ஏசி மெக்கானிக் ஆனார். இருபது ஆண்டுகள் மொட்டைமாடி வெயிலில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். அண்ணனுக்கு என்னைவிட அதிகம். ஏசி மாட்டப் போகிற வீடுகளில் எல்லாம், "எந்தங்கச்சி சயின்ஸ் மிஸ்ஸு" என்று சொல்லாமல் வரமாட்டார். சிறுநீரகம் கெட்டது தெரிந்தும் ஆறு மாதம் எங்களிடம் மறைத்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்த பிறகுதான் டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை அண்ணி உடன் போவார், சனிக்கிழமை நான். வாரம் முழுக்கத் தாம்பரத்தில் பாடம் நடத்திவிட்டு மின்சார ரயிலில் நின்றபடி திரும்பும் எனக்கு, குறிப்பேடு எழுத அந்த நான்கு மணி நேரம்தான் கிடைத்தது.

"மேல இன்னா எழுதிக்கிற, அதப் படி" என்றார் அன்று.

படித்தேன்: "முன்னறிவு: மாணவர்கள் வெப்பம் பற்றி அறிந்திருப்பர்." நாங்கள் எல்லாப் பாடத்துக்கும் எழுதும் வரிதான். பாடத்தின் பெயரை மட்டும் மாற்றுவோம்.

"அறிந்திருப்பர்னா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு அர்த்தம்ணா."

"யாரு சொன்னது? கேட்டியா?"

கேட்டதில்லை. எரிச்சலில், ஏசிக் குளிருக்கு அவர் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையைக் காட்டி அவரையே கேட்டேன். "ஐஸ்கட்டிய இதுல சுத்தி வெச்சா சீக்கிரம் உருகுமா, லேட்டா உருகுமா?"

"இது தெரியாதா? சீக்கிரம் உருவிடும். கம்பளி சூடு குடுக்குது இல்ல?"

"அப்ப ஏசி பைப்புக்கு எதுக்குணா ஃபோம் சுத்தறீங்க?"

"அது கூலிங் வெளிய போவாம இருக்க. அது வேற, இது வேற பாப்பா."

கம்பளியும் அந்த ஃபோம் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அது சூட்டைத் தருவதில்லை, கடக்கவிடாமல் தடுக்கிறது. இருபது ஆண்டுகள் குழாய்க்கு உறை சுற்றிய அண்ணனுக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை. அவருக்கு அறிவு குறைவு என்று இதை எழுதவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். நாற்பத்துநான்கு பேரில் நாற்பத்தொரு பேர் அண்ணனின் பதிலையே சொன்னார்கள். வெப்பக் கடத்தலின் வரையறையை எட்டாம் வகுப்பிலேயே ஒப்பித்தவர்கள் அவர்கள்.

புதன்கிழமை அண்ணனின் சால்வையை எடுத்துப்போனேன். எதிர்க்கடை ஜூஸ்காரரிடம் ஐஸ் வாங்கி, ஒரே அளவுக் கட்டிகள் இரண்டைக் கவரில் போட்டு, ஒன்றைத் தட்டில் வைத்தேன், இன்னொன்றைச் சால்வையில் சுற்றினேன். "மிஸ், சால்வைல இருக்கறது மொதல்ல உருகலன்னா ஹோம்வொர்க்க ரெண்டு வாட்டி எழுதறேன்" என்று ஒரு மாணவி பந்தயம் கட்டினாள். தட்டில் இருந்தது தண்ணீரான பிறகும் சால்வைக்குள் பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது. எழுத வேண்டியதாகிவிட்டது அவளுக்கு.

தலைமை ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு பீரியட் ஐஸ் உருகறதப் பாத்துட்டு இருந்தீங்களா மிஸ்? போர்ஷன் யார் முடிப்பாங்க?" குறிப்பேட்டில் கையெழுத்துப் போடவில்லை.

சனிக்கிழமை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு வாங்கியதை விட்டுவிட்டு, "நெஜமா உருவலியா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சால்வையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா நாந்தான் இதுக்கு சூடு குடுத்துக்கினு கீறனா?"

அதன்பின் அண்ணனுக்குக் கிருமித்தொற்று வந்தது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைந்த மாதங்களில் மீதிப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் 'அறிந்திருப்பர்' என்றே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வகுப்பில் எதையும் கேட்கவில்லை, சொல்லிக்கொண்டே போனேன். போர்ஷன் முடிந்தது. ஆண்டுத் தேர்வில், யோசித்து எழுத வேண்டிய கேள்விகளைப் பெரும்பாலோர் தொடாமலே விட்டிருந்தார்கள். அண்ணனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி திறந்த வாரத்தில், ஒரு காலையில், அம்மா தலையை வருடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். அந்தப் பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பில் என்னிடமே வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அவர்களுக்குப் பொதுத்தேர்வு.

செவ்வாயும் சனியும் தவறாமல் வாசலில் வந்து நின்ற ஆட்டோ அண்ணாவுக்கும், கேட்ட உடனே ரத்தம் கொடுத்த அண்ணனின் ஏசிக் கடை நண்பர்களுக்கும், நான் எழுத ஒரு நாற்காலியைத் தேடிப் போட்டுக் கொடுத்த செவிலியர் அக்காவுக்கும், இந்த நாட்களில் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நேற்றுப் பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடத்தைத் தொடங்கவில்லை. ஓடுகிற ரயிலுக்குள் நின்று ஒரு நாணயத்தை நேர்மேலே சுண்டினால் எங்கே விழும் என்று பலகையில் எழுதி, பெயர் போடாமல் பதில் தரச் சொன்னேன். நாற்பத்துநான்கு தாள்களையும், 'முன்னறிவு' வரியைக் காலியாக விட்டிருந்த குறிப்பேட்டோடு சேர்த்துத் தலைமை ஆசிரியையின் மேசையில் வைத்தேன்.

"இவங்களுக்கு என்ன தெரியும்னு இதுல இருக்கு மேடம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.