இடது கையில் நாடி இல்லாத ஜெனிலா

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் ஜெனிலா வேலை பார்த்தாள். பூதப்பாண்டியிலிருந்து தினமும் பஸ். மேல் தட்டிலிருந்து சேலைகளை எடுக்க வேண்டும், விரித்துக் காட்ட வேண்டும், வாங்காமல் போகிறவர்கள் போன பிறகு மடித்து வைக்க வேண்டும். இருபத்தாறு வயதில் அவளுடைய இடது கை இதற்கு ஒத்துவராமல் போனது. தலைக்கு மேல் தூக்கினால் கொஞ்ச நேரத்தில் கனத்துத் துவண்டுவிடும். கீழே இறக்கினால் சரியாகும். மாலையானால் லேசான காய்ச்சல்.

முதலில் பார்த்த டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். அடுத்தவர் சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கையைத் தொடவேயில்லை. "வீட்டுல மாமியார்கூட பிரச்சினை ஏதும் உண்டா?" என்று கேட்டார். ஜெனிலாவின் மாமியார் அவள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனவர்.

ஒரு கிளினிக்கில் நர்ஸ் இடது கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். மெஷின் எண் எதுவும் காட்டவில்லை. பேட்டரி மாற்றினாள், அப்போதும் இல்லை. வலது கைக்கு மாற்றியதும் எண் வந்தது, எழுதிக்கொண்டாள். ஒரு கைக்கு மட்டும் மெஷின் எப்படிக் கெட்டுப்போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கணவன் எபிசன் ஆட்டோ ஓட்டுகிறவன். அலைந்து அலைந்து அவனுக்கும் அலுத்துவிட்டது. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் ஜெனிலாவின் அக்கா ரெனிஷாவிடம் போனில் கேட்டார்கள். அவள் தன் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ரத்தக்குழாய் வீங்குத சீக்கு ஒண்ணு உண்டு. ஆனா அது இங்க வயசான வெள்ளக்காரிகளுக்காக்கும் வரும். தலவலியில தொடங்கும். ஒனக்கு அது இல்ல, பேடிக்காத."

ஜெனிலா பயப்படவில்லை. கை மட்டும் துவண்டுகொண்டே இருந்தது. ஒருநாள் கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் தலைசுற்றி, விரித்த சேலைகள்மேல் விழுந்தாள். மேனேஜர் முதலில் சேலைகளை நகர்த்தினார். பிறகுதான் தண்ணீர் தெளித்தார்.

எபிசன் அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த டாக்டர் மார்த்தாண்டத்துக்காரர். அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கையில் நாடியே இல்லை. ஸ்கேனில், அந்தக் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அழற்சியால் தடித்து, ஏறக்குறைய அடைத்துக் கிடந்தது தெரிந்தது.

"டக்கயாசுன்னு பேரு. ஜப்பான் டாக்டர் ஒருத்தருக்க பேரு. வெள்ளக்காரங்களுக்கு வயசான பிறகு வாறது வேற வகை. இது அங்க ரொம்பக் குறவு. ஜப்பான்லயும் நம்ம நாட்டுலயும்தான் கொஞ்சம் கூடுதல். அதும் ஒன்னப்போல சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு."

ஜெனிலாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"அப்போ இது நம்ம பக்கத்துச் சீக்கு. பின்ன எனக்க மாமியாரப் பத்திக் கேக்கத் தெரிஞ்சவருக்கு, கையப் பிடிச்சுப் பாக்கத் தெரியல்லியா சார்?"

"கூடுதல்னாலும் பத்து லட்சம் பேர்ல ஒருசிலருதாம்மா. நம்ம நாட்டுல அதையும் சரியா யாரும் எண்ணல்ல."

"எண்ணாண்டாம் சார். தொட்டுப் பாத்தாப் போதும்."

டாக்டர் மருந்து எழுதினார்.

காய்ச்சல் நின்றது. கைக்குப் பலம் பாதிதான் திரும்பியது. எபிசன் கடைக்குப் போய்ச் சண்டை போட்டதில், இடுப்புயரத்தில் எல்லாம் இருக்கும் கைக்குட்டைப் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது. நோய் அடங்கும்வரை பிள்ளை வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள், "மொகமெல்லாம் நல்லா தெளிஞ்சிருக்கே, விசேஷமா மக்கா?" என்று.

ஆரம்பத்தில் அவள் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். ஜப்பான் வரை வருவதற்குள் கேட்டவர்களின் கண் வேறெங்கோ போய்விடும். இப்போது, "சாப்பாடு கூடிப்போச்சு சித்தி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுகிறாள்.