தங்கச்சி விழாத நாள்

கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்த காலத்தில் தங்கச்சி அடிக்கடி மயங்கி விழுந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்று எங்களைக் குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. குடும்பமே வர வேண்டும் என்று அவர் சொன்னதிலிருந்தே அப்பாவுக்குக் கொதிப்பு.

"நோய் இவளுக்கு. எங்கள எதுக்குக் கூப்பிடுறாங்க?" துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்த எரிச்சல் வேறு.

ஆலோசகர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தங்கச்சியிடம், "நீங்கள் விழுறதுக்கு முதல் வீட்டிலை என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

தங்கச்சி அம்மாவைப் பார்த்தாள். "அப்பா அம்மா மேல கை ஓங்குவாரு."

"விழுந்த பிறகு?"

"தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வருவாரு. ரெண்டு பேரும் என் பக்கத்துலயே உக்காந்துருவாங்க. அதுக்கப்புறம் சண்டை வராது."

அப்பா எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்தது. அம்மாவோ தங்கச்சியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ஆலோசகர் பதறவில்லை. "இந்த மயக்க வருத்தம் பிள்ளையிலை இல்லை. உங்கள் நாலு பேருக்கும் இடையிலைதான் சுத்துது. ஒராள் மாறினா மற்ற ஆக்களும் மாறவேணும்."

அந்த அமைதியான குரலைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிக்கிறது ஒருத்தரு. அதுல எங்களுக்கும் பங்கா?"

"பிழை ஆரிலை எண்டு நான் பார்க்கேல்லை. எப்பிடி நடக்குது எண்டுதான் பார்க்கிறன்."

"பிழை யாரு மேலன்னும் பாருங்க," என்றேன்.

அடுத்த வாரம், கதவைத் திறக்கச் சுணங்கியதற்காக அப்பா அம்மாமேல் கை ஓங்கினார். தங்கச்சி விழவில்லை. சுவரோடு நின்று அவரையே பார்த்தாள். அந்தக் கை அம்மாவின் கன்னத்தில் இறங்கியது.

அம்மா அப்பாவைத் திட்டவில்லை. "விழுந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று தங்கச்சியிடம் கத்தினாள்.

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தெல்தெனியவில் இருந்த மாமா வீட்டுக்குப் போனாள். பிறகு திரும்பவே இல்லை. தங்கச்சிக்கும் அதன்பின் மயக்கம் வந்ததில்லை.

ஆலோசகர்தான் குடும்பத்தைப் பிரித்துவிட்டார் என்று அப்பா சாகும்வரை சொல்லித் திரிந்தார். பச்சைப் பொய். பிரித்தது அவருடைய கை. அந்தப் பெண்மணி எங்கள் வீட்டைச் சரியாகத்தான் கணித்திருந்தார். இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் தங்கச்சி விழுவதை நிறுத்தினால் அடி யார்மேல் விழும் என்பதையும் அவர் கணித்திருக்க வேண்டும். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை.