தொண்டைமானாற்றில் முதல் உப்பு

பத்து மாதப் பிள்ளைக்கு உப்புக் காட்டலாமா? ஒரு வயதுவரை வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உப்பில்லாத சோற்றை யார் தின்பார்கள் என்கிறார் மாமி. யார் சொல்வது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இணுவிலிலிருந்து மகளோடு தொண்டைமானாறு பார்க்க வந்திருக்கிறேன். பாலத்தடியில் நீர் அகலமாக விரிந்து வெயிலில் மின்னுகிறது. முழங்கால் ஆழத்தில் ஒருவர் வலை வீசுகிறார். அவர் மனைவி கரையில் அமர்ந்து இறால் தெரிந்தெடுக்கிறார். நான் பக்கத்துக் கல்லில் அமர்ந்து, மகளை இறுக்கிப் பிடித்தபடி அவள் காலை மட்டும் நனைக்கிறேன். அவள் குனிந்து தண்ணீரில் அடித்து, ஈரக் கையை வாயில் வைக்கிறாள். உடனே முகத்தைச் சுளிக்கிறாள்.

நானும் விரலை நனைத்து நக்கிப் பார்த்து, இறால் தெரிபவரிடம் சொல்கிறேன்.

“ஐயோ அக்கா, உப்பெல்லோ! ஆறெண்டு நினைச்சன்.”

“பேர்தான் ஆறு, தங்கச்சி. உங்கை, பாலத்துக்கு அங்காலை கடல் கிடக்கிறது தெரியேல்லையோ?”

“இவளுக்கு இன்னும் உப்பே காட்டேல்லை.”

“இப்ப ஆறே காட்டிப்போட்டுது. அழப்போறது நீங்கள்தான், அவளைப் பாருங்கோ!”

மகள் விரலைச் சூப்பிக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அவள் வாயைத் துடைத்துவிட்டு, மடியில் வைத்தபடியே, சட்டை நனைய நானும் ஓரத் தண்ணீரில் இறங்கி அமர்கிறேன்.

மேலே பஸ் ஹோர்ன் அடிக்கிறது. தண்ணீரை விட்டு வர மறுக்கும் பிள்ளையை அழவிடாமல் பஸ் ஏற்றுவது எப்படி? தெரிந்த தாய்மார் எழுதுங்கள். எனக்கும் எழும்ப மனமில்லை என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.