கிழக்கே சரிந்த நாடு, மேற்கே சரிந்த வயல்

கீழ்வேளூர்ப் பக்கம், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது என் மூன்று மா நிலம், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர். போன புரட்டாசியில் அங்கே சம்பா முளைத்து இருபத்தாறு நாள். மழை பெய்து பத்தொன்பது நாள். வாய்க்காலில் பத்து நாளுக்கு ஒருமுறை வயல்வாரியாக நேரம் பிரித்து விடும் முறைத் தண்ணீர் இந்தத் தடவை பாயாவிட்டால் பயிர் போய்விடும். மறுபடி விதைக்கப் பருவமும் இல்லை.

வரப்பில் உட்கார்ந்து வெடிப்புகளை எண்ணினேன். கவலை வந்தால் எதையாவது எண்ணுவது என் பழக்கம். ஒரு முழத்துக்குள் பதினொரு சந்திப்புகள். பெரும்பாலும் மூன்று கைகளாகப் பிரிந்திருந்தன.

முப்பத்து நான்கு வருடம் புவியியல் நடத்தியவன் நான். கண்டமும் சில இடங்களில் இப்படித்தான் உடையும். புவியின் கவசத்துக்குள் ஆழத்திலிருந்து ஒரு வெப்பத்தூண் எழும்பி, மேலோட்டை அப்பளம் போல உப்ப வைக்கும். உப்பிய இடம் மூன்றாகக் கீறும். இரண்டு கைகள் அகன்று கடலாகும். மூன்றாவது பாதியில் நின்றுவிடும். அங்கே அடியிலிருந்து தள்ளுகிறது, இங்கே மேல்மண் காய்ந்து சுருங்குகிறது. காரணம் வேறு, கோலம் ஒன்று.

நம் மேற்குக் கரையிலிருந்து மடகாஸ்கர் பிரிந்ததிலும், பிறகு செஷல்ஸ் பிரிந்ததிலும் இத்தகைய தூண்களுக்குப் பங்குண்டு என்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. மேற்கு விளிம்பு உயர்ந்தது, நாடு கிழக்கே சாய்ந்தது, குடகில் பிறந்த காவிரி நம்மிடம் வந்தது. வருடாவருடம் கரும்பலகையில் இந்தச் சாய்வைத்தான் ஒரே கோட்டில் போட்டுக் காட்டுவேன்.

அந்தக் கோட்டை நம்பித்தான் கோடையில் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய்மடையைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு மாற்றினேன். பழைய மடையைச் செங்கல் வைத்துப் பூசியும் விட்டேன்.

முறை வந்தது. எனக்கு மூன்று மணி நேரம், அடுத்த மூன்று மணி நேரம் எனக்குக் கிழக்கே அடுத்த வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெண்ணுக்கு. அவர் என்னிடம் படித்தவர்.

"சார், தண்ணி மேக்கயே முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. வரப்புக்கு மேல வழிஞ்சு வடிகாலுக்குப் போவுது."

"அது எப்படிம்மா? நிலம் கிழக்கதான சரியும்?"

"நாடு சரியும் சார். உங்க வயலு எப்ப சரிஞ்சுது? பழைய மடை வழியா வந்த வண்டலு பூரா கிழக்கு மூலையிலதான் கெடக்கு. அடைக்கறப்பவே என்னைக் கேட்டிருக்கலாமுல்ல?"

"கேட்டிருக்கலாம்."

"எங்க கேப்பீங்க? எனக்குப் பரீட்சையில முப்பத்தஞ்சு மார்க்கு போட்டவங்களாச்சே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழக்கே ஒரு மா அளவு தண்ணீர் ஏறாமல் வெளுத்துக் கிடந்தது. என் நேரமும் முடிந்துவிட்டது. அவர் வயலும் வெடித்துத்தான் இருந்தது; அது தெரிந்தும் கேட்டேன்.

"உன் முறையில கொஞ்சம் விடுறியாம்மா?"

அவர் தன் பயிரைப் பார்த்தார். நான் அவர் வயல் வெடிப்புகளில் பதினேழை எண்ணிவிட்டேன்.

"அரை மணி நேரம். அதுக்கு மேல கேக்காதீங்க சார். எனக்கும் இதுதான் சோறு."

மண்வெட்டியால் இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் வந்தது, ஆனால் பரவவில்லை. முதல் வெடிப்பு குடித்து முடித்தபிறகுதான் இரண்டாவதற்குப் போனது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே கூட நடந்தேன். அரை மணி ஆனதும் அவர் வரப்பை அடைத்தார். மண்வெட்டியோடு தன் பயிரைப் பார்க்கப் போனார்.

நாற்பத்தொன்றாவது வெடிப்பில் தண்ணீர் நின்றது. அதற்கப்பால் இன்னும் இருபத்திரண்டு அடி காய்ந்து கிடந்தது. அடுத்த முறைக்குப் பத்து நாள். குனிந்து நாற்பத்திரண்டாவதில் விரலை விட்டேன். முழு விரலும் இறங்கியது. நுனியில் தூசிதான் ஒட்டிக்கொண்டு வந்தது.